மஞ்சள் பால் முடக்குவாத மாத்திரைக்கு மாற்றாகாது

“தினமும் ஒரு தேக்கரண்டி மஞ்சள் கலந்த பால் குடித்தால் முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று வேலூர், குடியாத்தம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது. அதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல்: செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதத்தின் செயலை மஞ்சளிலுள்ள குர்குமின் தடுப்பதாக 1995-இல் ஆய்வாளர்கள் சிங், அகர்வால் இருவரும் காட்டினர்; ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், குர்குமினை நேரடியாகச் சேர்த்துக் கண்ட முடிவு. தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறுகிறது. உறிஞ்சப்பட்ட சிறிதளவையும் கல்லீரல் விரைந்து உருமாற்றிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் இந்த உறிஞ்சுதலைக் கூட்டும் என்பது மெய்யே (பாட்டிமார் பாலில் மிளகைத் தட்டிப்போட்டது வீண்போகவில்லை). எனினும் மருந்தின் வேலையை அது செய்துவிடாது. முடக்குவாதத்தின் மூட்டழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் அழற்சி திரும்பி மூட்டெலும்பு அரிக்கப்படலாம். அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.