மாஞ்சியின் முதுகில் இருப்பது நாஜிச் சின்னம் அல்ல

"பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்" என்ற மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) நாயகன் மாஞ்சி, முதுகில் நாஜிகளின் சுவஸ்திகாச் சின்னத்தோடு திரிகிறான் என்று ஒரு படம் பகிரப்படுகிறது. அது தவறு.

மாஞ்சி அணிந்திருக்கும் கிமோனோ அங்கியின் முதுகை உற்றுப் பாருங்கள். சின்னம் நேராக நிற்கிறது, கைகள் இடப்பக்கம் சுழல்கின்றன. நாஜிக் கொடியில் இருந்ததோ வலப்பக்கம் சுழன்று, 45 பாகை சாய்ந்து நிற்பது. ஆனால் திசையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் ஆசியக் கோயில்களில் இரண்டு திசைகளிலும் உண்டு. பொருள்தான் முக்கியம். ஜப்பானியத்தில் இதன் பெயரே 'மாஞ்சி'. நாயகனின் பெயரும் அதுதான்! சுவஸ்திகா இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தது. அந்நாட்டு வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் குறிப்பது இந்தக் குறிதான்.

கதை நடப்பது 1782-ஐ ஒட்டி, ஜப்பானின் எடோ ஆட்சிக் காலத்தில். நாஜிக் கட்சி இதைத் தன் கொடியில் ஏற்றியது 1920-இல்.

ஹிரோஆகி சமுரா 1993 முதல் 2012 வரை, 30 தொகுதிகளாக வரைந்த படைப்பு இது. நூறு பேரைக் கொன்ற மாஞ்சியின் உடலில் புழுக்கள் ஊறுகின்றன. வெட்டுப்பட்ட கையைக்கூட அவை தைத்துவிடும், சாகவிடாது. ஆயிரம் தீயவர்களைக் கொன்றால்தான் விடுதலை. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்கத் துடிக்கும் சிறுமி ரின்னுக்கு அவன் காவலாகிறான். பாவம் கழிக்கத் தவிக்கும் ஒருவனின் முதுகில் புத்தரின் குறி இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.