அந்த முள்ளை ஏன் பிடுங்கினீர்கள்?

போர்ஷே 911 காருக்கு 60 வருடமாக ஒரே முகம் என்று அலுத்துக்கொள்கிறவர்களைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. 1963-இல் வந்த அதே வட்ட விளக்கு, பின்பக்கம் வழுக்கிச் சரியும் கூரை, வால்பக்கத்தில் இன்ஜின். அதுதானே 911? 1997-இல் 996 என்று பெயரிட்ட 911 மாடலில் விளக்கின் வடிவத்தை மாற்றினார்கள். பொரித்த முட்டை என்று ரசிகர்களே திட்டித் தீர்த்தார்கள். 2004-இல் வட்டமே திரும்பி வந்தது.

சரி, இன்ஜினை மாற்றட்டும், பிரேக்கை மாற்றட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் 2024-இல் எதில் கை வைத்தார்கள் பாருங்கள்! ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம் திருகி ஸ்டார்ட் செய்யும் குமிழ் போய் பட்டன் வந்துவிட்டது. நடுவில் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டித் துள்ளி ஏறும் ஆர்பிஎம் முள்ளும் போய் முழுக்கத் திரை. திரைதான் எல்லாக் காரிலும் இருக்கிறதே!