விரதம் இருப்போருக்கு ஒரு குறிப்பு

டபாகிளிஃப்லோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் இதயச் செயலிழப்புக்கும் உதவுவதைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது நன்கு விளக்குகிறது. இம்மருந்தை இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்து 2019இல் வெளியான டாபா-ஹெச்எஃப் ஆய்வில் பங்கேற்ற 4,744 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே இல்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ஆனால், இம்மருந்துகளின் அரிதான ஓர் ஆபத்தை மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளுக்கே பெரும் பங்குண்டு: சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவற்றோடு வருபவருக்குக் சர்க்கரை அளக்கும் கருவி லிட்டருக்கு 11 மில்லிமோல் என்று காட்டினால், ‘சர்க்கரை பரவாயில்லையே’ என்று வீட்டார் அசட்டையாக இருந்துவிடக்கூடும். இரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலப் பொருள்) அளவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உணவு குறையும்போது இந்த ஆபத்து கூடுவதால்தான், திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள்களுக்கு முன்பே இவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

தைப்பூசக் காவடிக்காக வாரக்கணக்கில் ஒருவேளை உணவோடு இருப்போர் சிங்கப்பூரில் பலர் (நீரிழிவு உள்ளவர்களும் அவர்களில் உண்டு). விரதம் தொடங்குமுன் பலதுறை மருந்தகத்தில் இதைச் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது. இதய நோய்க்காக இம்மாத்திரையை உட்கொள்பவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடுவதும் சரியன்று.