பால் மீலை மேற்கோள் காட்டினால் மட்டும் போதுமா?

உளவியல் படித்தவர்களில் அமெரிக்க உளவியலாளர் பால் மீலின் பெயரைப் பரீட்சையில் எழுதாமல் தப்பித்தவர்கள் குறைவு. லீ குரான்பாக்குடன் சேர்ந்து 1955-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஓர் உளவியல் சோதனை, தான் அளப்பதாகச் சொல்வதைத்தான் உண்மையில் அளக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றிய கட்டுரை அது. சைட்டேஷன் கணக்கில், அதாவது மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தால், மீலுக்கு எந்தக் குறையும் இல்லை. என் ஆதங்கமே வேறு. அவரை எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள், அவர் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள்தான் கொஞ்சம் பேர்.

1920-இல் மினியாபொலிஸில் பிறந்தவர். 16 வயதில் அம்மாவை இழந்தார். சரியான மருத்துவம் கிடைக்காமல் போனதே காரணம். நிபுணர்களின் தீர்ப்பின் மீது தனக்கிருந்த நம்பிக்கையை அந்த மரணம் வெகுவாக அசைத்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியராகி, 2003-இல் காலமானார்.

1954-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சிறையிலிருந்து வெளியே வருபவர் மறுபடி குற்றம் செய்வாரா, இந்த மாணவர் கல்லூரியில் தேறுவாரா, இந்த நோயாளிக்குச் சிகிச்சை பலன் தருமா? இதையெல்லாம் அனுபவசாலி ஒருவர் நேரில் பேசிப் பார்த்துச் சொல்வது சரியாக இருக்குமா, நாலைந்து தகவல்களை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவது சரியாக இருக்குமா? அப்போது கிடைத்த சுமார் 20 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார். நிபுணர் தெளிவாக ஜெயித்ததாகச் சொல்ல ஏறக்குறைய எதுவுமே தேறவில்லை. 1996-இல் வில்லியம் குரோவும் அவரும் 136 ஆய்வுகளைப் பார்த்தபோது 64-இல் சூத்திரம் முந்தியது, 64-இல் இரண்டும் சமம், நிபுணர் முந்தியது வெறும் 8-இல்.

இதைச் சொன்னவர் தொழிலுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. ஃபிராய்டை மதித்தவர், பல ஆண்டுகள் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். மனிதரைக் கவனிக்கிற திறமையை அவர் குறைத்துப் பேசவில்லை. கவனித்ததை எல்லாம் மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்க்கிறோமே, அதில்தான் கோளாறு என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் கடைக்கணக்கு: கூடை நிறையச் சாமான் வாங்கிவிட்டு, 'பார்த்தால் 17 டாலர் இருக்கும் போலிருக்கிறது' என்று யாரும் பணத்தை நீட்டுவதில்லை, கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் பில் போடுகிறார். ஒருவரைச் சிறையில் வைப்பதா விடுவதா என்பதை மட்டும் ஏன் உத்தேசமாக முடிவு செய்ய வேண்டும்?

1973-இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையை எங்கள் துறையில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பேன். கேஸ் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது ஒரு நோயாளியைப் பற்றிச் சிகிச்சையாளர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, நான் ஏன் போவதில்லை என்று விளக்கும் கட்டுரை. அதில் ஜார்ஜ் மாமா என்று ஒருவர் வருவார். மீந்துபோன பான்கேக்கை ஒரு நோயாளி பரணில் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கிறார். உடனே கூட்டத்தில் ஒருவர், 'இதில் என்ன இருக்கிறது, எங்கள் ஜார்ஜ் மாமாவும் அப்படித்தான் செய்வார்' என்கிறார். அந்த மாமாவுக்கும் ஏதாவது கோளாறு இருந்திருக்கலாமே என்ற கேள்வி யாருக்கும் வருவதில்லை. இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உருப்படியான பேச்சுக்கும் உளறலுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிற அந்த நாகரிகம்தான் மீலுக்குப் பொறுக்கவில்லை. அங்கே பேசப்படுவது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவருடைய கோபம் நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆராய்ச்சியாளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. டேவிட் லிக்கனும் அவரும் மினசோட்டாவின் 57,000 பள்ளி மாணவர்களைப் பற்றிய தகவல்களை எடுத்து, 15 விஷயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கிடைத்த 105 ஜோடிகளிலும் புள்ளியியல்படி 'குறிப்பிடத்தக்க' தொடர்பு, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத தொடர்பு, இருந்தது. மனித வாழ்க்கையில் எல்லாமே எல்லாவற்றோடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டிவிட்டால் மட்டும் ஒரு கோட்பாடு நிரூபணம் ஆகிவிடுமா? 1967-லும் 1978-லும் இதை விரித்து எழுதினார். எழுதியதைப் பாராட்டிவிட்டு, துறை பழையபடியே நடந்தது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க' முடிவு காட்டியவை. திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 சதவீதம்தான். அப்புறம்தான் பலர் மீலைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

கேட்டு நடந்தவர்களும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1950-களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்தபோதே மீலைப் படித்துவிட்டு, ஆள் தேர்வு நேர்காணலையே மாற்றினார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண். நேர்காணல் நடத்தியவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறீர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். ஆனாலும் கணிப்பு முன்பைவிடத் தேறியது.

சிகிச்சை தரும் ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பை முதல் நாளே எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதே நான் கேட்பது. இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு நோட்டு போதும். 1989-இல் மீல் மாணவர்களுக்கு எடுத்த வகுப்புகளின் பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆராய்ச்சி முறையியல் நடத்தும் ஆசிரியர்கள் அதில் ஒன்றையாவது வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.