29 சதவீதம் பட்டதாரிகள் சோம்பேறிகளா?

“பட்டதாரிகளில் 29 சதவீதம் பேர் வேலைக்குப் போக மனமில்லாமல் வீட்டில் கிடக்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எண் சரி, அர்த்தம்தான் தலைகீழ்.

2024-இல் வெளியான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் உள்ள 29.1%, இளம் பட்டதாரிகளின் 2022ஆம் ஆண்டு வேலையின்மை விகிதம். வேலை தேடிக்கொண்டோ, கிடைத்தால் செய்யத் தயாராகவோ இருந்தும் வேலையில்லாதவர்களின் கணக்கு அது. வேலையே வேண்டாம் என்பவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் இதே விகிதம் 3.4% மட்டுமே, கிடைத்த கூலிக்குப் போகாவிட்டால் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது.

சரி, காத்திருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் பலர் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்ட 2024 குரூப் 4 தேர்வில், முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள். நூலகம் திறக்குமுன்னே வாசலில் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த ஃபார்வர்டை அனுப்பியிருக்க மாட்டார்கள்.