'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

புரோகிராமிங் மொழிச் சண்டை வந்தாலே வேகம், சம்பளம், வேலைவாய்ப்பு என்றுதான் பேச்சு போகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: 'தமிழ்' என்று கொடுத்தால் உங்கள் மொழி எத்தனை எழுத்து என்கிறது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பிஹெச்பி மொழியில் நீளம் எண்ணும் ஸ்டர்லென் 15 என்கிறது. கோவும் ரஸ்ட்டும் அதே 15. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் 3 இரண்டும் 5. பிள்ளையின் விடையைச் சொல்பவை எனக்குத் தெரிந்து ஸ்விஃப்ட்டும் எலிக்ஸரும்.

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எல்லா மொழிக் குறிகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் ஐந்தும் தனித்தனி. அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15.

15 என்று சொல்லும் மொழிகளைப் பலர் கிண்டல் செய்வார்கள். எனக்கு எரிச்சல் அந்த 5 மேல்தான். அது பைட்டும் இல்லை, எழுத்தும் இல்லை.

பட்டு அறிந்தது இது. ஒரு பள்ளிக்கு அடையாள அட்டை அச்சிடும் புரோகிராம் எழுதினேன். முதலில் பிஹெச்பி; பெயரை 20-ல் வெட்டச் சொல்லியிருந்தேன். 'முத்துலட்சுமி' மொத்தம் 39 பைட். திரையில் 'முத்து' வந்தது, பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பார்த்த நிமிடமே தப்பு புரிந்தது, பைட்டில் வெட்டாமல் யூனிகோட் குறிகளில் வெட்டும் எம்பி_சப்ஸ்டர் போட்டுச் சரிசெய்தேன். பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றியபோது இடம் போதாமல் 12 குறி என்று வைத்தேன். 'முத்துலட்சும' என்று அச்சாகி வந்தது. குப்பை எழுத்து எதுவும் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அட்டை பிள்ளைகள் கழுத்தில் ஏறிய பிறகுதான், டைப் அடித்தவர்மேல் பழி போட்டு போன் வந்தது. பாவம், அவர் சரியாகத்தான் அடித்திருந்தார்.

பிஹெச்பியும் சும்மா இருக்கவில்லை. யூனிகோடை உள்ளே கொண்டுவரப் பார்த்த ஆறாம் பதிப்பை 2010-ல் கைவிட்டு, 2015-ல் நேராக ஏழுக்குத் தாவினார்கள். கோ மொழியை உருவாக்கிய மூவரில் கென் தாம்சன், ராப் பைக் இருவரும்தான் 1992-ல் யூடிஎஃப்-8ஐயே வடிவமைத்தவர்கள். தெரிந்தேதான் பைட்டை எண்ணுகிறார்கள். இன்றைக்கு சர்வர் வேலைக்கு நான் எடுப்பது கோதான்.

ஜாவாஸ்கிரிப்ட்டை விட முடியாதவர்களுக்கு, எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டல்.செக்மென்டர் இருக்கிறது. பயர்பாக்ஸ் 2024-ல்தான் அதைச் சேர்த்தது என்பதால் பழைய பிரவுசர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தானில் ஓப்பன்-தமிழ் லைப்ரரி எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். தேடும் வசதி வைத்தால், 'கொ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் எழுதலாம் என்பதை மறக்காதீர்கள். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. நார்மலைஸ் செய்யாமல், அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் தேடினால் 'கொடி' கிடைக்காமல் போகலாம்.

ஸ்விஃப்ட் ரசிகர்கள் ரொம்பவும் துள்ள வேண்டாம். அதுவும் 'க்ஷ'வை இரண்டு என்றுதான் எண்ணும். முத்துலக்ஷ்மி என்று எழுதுகிறவர்கள் கமெண்டில் வந்து சண்டை போடலாம்.