600 சதுர அடி வீட்டுக்கு வரி உண்டு, ஆயிரம் கோடிப் பங்குக்கு இல்லை

பெரும் பணக்காரர்களின் செல்வத்துக்கு வரி போடலாம் என்று வாய் திறந்தால் போதும், "உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்குவது என்ன நியாயம்?" என்று சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தங்கள் செல்வத்துக்கு வரி கட்டுகிறவர்கள்தான். வங்கிக் கடன் வாங்கி 600 சதுர அடியில் வீடு கட்டியவர் அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் சொத்து வரி செலுத்துகிறார். குடியிருக்கும் அந்த வீட்டால் அவருக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. கடனில் முக்கால்வாசி பாக்கி என்றாலும் வரி குறையாது. 2022-இல் தமிழக நகரங்களில் இந்த வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம்.

ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருப்பவருக்கோ, விற்காதவரை அந்த மதிப்பின் மேல் ஒரு பைசா வரி இல்லை. "அது காகிதப் பணம், கையில் ரொக்கம் ஏது?" என்று அவருக்காக வாதாடுகிறார்கள். குடியிருக்கும் வீடு மட்டும் ரொக்கமா? பங்கை அடகு வைத்தாலாவது கோடிக்கணக்கில் கடன் கிடைக்கும்.

இந்தியாவில் செல்வ வரி இருந்தது. பொருளியலாளர் கால்டரின் பரிந்துரைப்படி 1957-இல், டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதை ரத்து செய்தார். 2013-14-இல் நாடு முழுக்க வசூல் 1,008 கோடிதான், வசூலிக்க ஆகும் செலவுக்கு இது கட்டுப்படியாகாது என்பது அவர் சொன்ன காரணம். வசூல் ஏன் இவ்வளவு சொற்பமாக இருந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். முதலீடு பெருகட்டும் என்று 1993 முதல் பங்குகளுக்கும் பத்திரங்களுக்கும் விலக்கு கொடுத்திருந்தார்கள். நகை, கார், காலிமனை, கூடுதல் வீடு போன்றவைதான் மிச்சம். லாக்கரில் ஒளித்துவைக்கக்கூடிய நகைக்குக் கணக்குக் கேட்டார்கள். பான் எண்ணோடு இணைந்த டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு), தினமும் சந்தை மூடும்போது விலை தெரிந்துவிடுகிற பங்கை விட்டுவிட்டார்கள். இப்படி ஓட்டை போட்ட வலையில் எந்த மீன் சிக்கும்?

வாரிசுகளுக்குப் போகும் சொத்தின் மீதான எஸ்டேட் வரியும் 1985-லேயே போய்விட்டது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்குப்படி, 2022-23-இல் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது. வருமான வரியை மட்டும் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அந்தச் செல்வத்தின் வளர்ச்சி பெரும்பாலும் வருமானமாகக் கணக்கில் வருவதே இல்லை.

சந்தையில் பட்டியலிடாத குடும்பத் தொழில்களை மதிப்பிடுவது கடினம் என்ற வாதத்தை ஏற்கிறேன். அதற்காகத்தான் வரம்பை உயரத்தில் வைக்க வேண்டும். கடனைக் கழித்த பிறகு 10 கோடியைத் தாண்டும் தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தால், 12 கோடி உள்ளவர் 4 லட்சம் கட்டுவார், 9 கோடி உள்ளவர் எதுவும் கட்ட வேண்டாம். பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய 25 கிலோ அரிசிக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குகிற அரசு, இதைக் கேட்க ஏன் தயங்குகிறது?